குழுக் கணக்கு எழுதும் பெண்களே, வார்டு தேர்தலில் நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. எங்கள் ஊரில் இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. எந்தக் கட்சியில் யாருக்கு சீட்டு, எந்த வார்டு பெண்கள் வார்டாக மாறும், யார் எத்தனை லட்சம் இறக்குவார் என்று டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஒரு கூட்டத்தை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை. தெருவுக்குத் தெரு மகளிர் சுய உதவிக் குழுக்களில் நோட்டு எழுதிக்கொண்டிருக்கும் பெண்களைத்தான் சொல்கிறேன். அவர்களிடம் பேசவே இந்தக் கடிதம். உங்கள் நாளிதழ் எங்கள் ஊர்ப் பீடிக் கடை வரைக்கும் வருகிறது. அங்கே ஒருவர் வாசித்தால் பத்துப் பேர் கேட்பார்கள்.

நான் தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் சுயேச்சையாக நின்று வெற்றி பெற்றேன். பீடி சுற்றுவது தொழில். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. தேர்தலுக்கு முன்பு பல வருடம் ஒரு குழுவில் கூட்டம் நடத்திக் கணக்குப் பார்க்கும் ஊக்குநராக இருந்தேன். எங்கள் வீட்டிலோ உறவிலோ அதுவரை யாரும் எந்தப் பதவிக்கும் நின்றதில்லை.

குழுப் பெண்களைக் கூப்பிடக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. பிறகு மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவின. அன்றிலிருந்து ஒரு தலைமுறைப் பெண்கள் வாரம் தவறாமல் கூட்டம் போட்டு, வருகைப் பதிவு எடுத்து, சேமிப்பை எண்ணி வாங்கி, அந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கும் உள்கடன் யாருக்கு முதலில் என்று பேசி முடிவெடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் பழகியிருக்கிறார்கள். வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கடன் வாங்கியவள் தவணை கட்டாமல் இழுத்தால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, சண்டை வராமல் பேசி, பணத்தோடு திரும்பியிருக்கிறார்கள். மாதக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் அன்று இரவு ஊக்குநருக்குத் தூக்கம் கிடையாது. பேரூராட்சி மன்றத்தில் நடப்பதும் இதே வேலைதான். வருகைப் பதிவு, கூட்டப் பொருள், தீர்மானம், வரவு, செலவு. தொகை பெரியது, தாள் அதிகம், அவ்வளவுதான்.

மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு, அங்கே பேச வேண்டிய பொருள்களின் பட்டியலான அஜெண்டா வீட்டுக்கு வந்துவிடும். தட்டச்சு செய்த தாள்கள்; ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், கீழே அலுவலகக் குறிப்பு. கூட்டத்தில் கிளார்க் எண்ணைச் சொல்லி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போவார். யாரும் வாய் திறக்காவிட்டால் அது தீர்மானம் ஆகிவிடும். முப்பது பொருளும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு டீ, வடை, கையெழுத்து. ஊரின் வரிப்பணம் செலவாவது அந்த முக்கால் மணி நேரத்தில்தான்.

முதல் வருடம் ஒரு கூட்டத்தில், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைப் பழுது பார்த்த செலவுக்கு அனுமதி கேட்டு ஒரு பொருள் வந்தது. மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்ததால் புதிதாகச் சுற்றி ரீவைண்டிங் செய்தது, கேபிள் மாற்றியது, மோட்டாரை மேலே தூக்க வண்டி வாடகை என்று மூன்று இனம். அதே கிணற்றுக்கு அதே மூன்று இனத்தோடு சில மாதம் முன்பும் ஒரு பொருள் வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. பழைய அஜெண்டாவை நான் தூக்கிப் போடுவதில்லை. பீடி இலைச் சாக்குக்குப் பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டியில் மாதவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். முந்தைய தாளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அந்தப் பொருளை வாசித்ததும் எழுந்து, போன முறை மாற்றிய கேபிள் என்ன ஆயிற்று, ரீவைண்டிங் செய்த கடை எத்தனை மாதம் உத்தரவாதம் கொடுத்தது, அந்தப் பில்லைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பில் எழுத்தர் மேசையில் இருக்கிறது, அவர் விடுப்பு என்றார்கள். சரி, பில் வரும்வரை பொருளை ஒத்திவையுங்கள், ஒத்திவைத்ததாக மினிட் புத்தகத்தில் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். அடுத்த கூட்டத்துக்கு அதே பொருள் வந்தபோது கேபிள் என்ற இனமே இல்லை, தொகை குறைந்திருந்தது.

என்னைவிட அதிகம் படித்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். அவர்கள் யாரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்தவர்கள் இல்லை. அது என் தெரு முனையில் இருக்கும் மோட்டார். அது எந்த வாரம் ஓடவில்லை, எந்த வாரம் வண்டி வந்து தூக்கியது என்று தெருவில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த விவரத்தோடு மன்றத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் போதும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வார்டு உறுப்பினரிடம் வரும் புகாரில் முதலிடம் எப்போதும் அதற்குத்தான். ஆழ்குழாய்த் தண்ணீர் புழங்குவதற்கு; குடிப்பதற்குத் தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. மேல்நிலைத் தொட்டியில் ஏறி, அங்கிருந்து வால்வு வழியாகத் தெருத் தெருவாகப் பிரியும். என் வார்டில் கீழத்தெருவின் கடைசி வீடுகளுக்கு நூல் போலத்தான் தண்ணீர் வரும். கேட்டால் ‘வரத்து குறைவு’ என்பார்கள். அந்தப் பதிலைப் பல வருடம் கேட்டுக் கேட்டு அங்கிருக்கும் ஆச்சிகளும் அதையே நம்பிவிட்டார்கள்.

நான் பதவிக்கு வந்தபின், வால்வு திறக்கும் அண்ணனோடு விடியற்காலையில் கூடவே நடந்தேன். அவர் நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு ஒவ்வொரு வால்விலும் எத்தனை சுற்றுச் சுற்றுகிறார் என்று எண்ணினேன். மேட்டுத் தெரு வால்வு முழுதாகத் திறந்தது. கீழத்தெரு வால்வில் மரை தேய்ந்து, பாதிக்கு மேல் சாவி நகரவில்லை. ‘இது இப்படித்தான் தங்கச்சி, நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்’ என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், நடுத்தெருவில் மூன்று வீட்டில் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கீழத்தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர் அந்த மாடித் தொட்டிகளில் ஏறிக்கொண்டிருந்தது.

வால்வுக்கு மன்றத்தில் கேட்டு வாங்கிவிட்டேன். அது சுலபம். மோட்டாரைக் கழற்றுவதுதான் கடினம். அந்த வீடுகளில் எனக்கு வாக்களித்தவர்கள் இருந்தார்கள்; ஒருவர் எனக்கு மாமா முறை. அலுவலக ஆட்களை அழைத்துப் போவதற்கு முன்னால் தெருப் பெண்களோடு போனேன். கீழத்தெரு ஆச்சி ஒருவர் காலிக் குடத்தை அந்த வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, ‘என் வீட்டுத் தண்ணீர் உன் தொட்டியில் இருக்கிறது, பிடித்துக்கொண்டு போகிறேன் ஐயா’ என்றார். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை, நியாயத்தைச் சொன்னார். மாமா அன்று மாலையே மோட்டாரைக் கழற்றிவிட்டார். மற்ற இருவருடைய மோட்டாரைப் பேரூராட்சி ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு குடும்பமும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கீழத்தெருவில் தண்ணீர் வருகிறது. நிற்க நினைக்கும் பெண்கள் இதையும் சேர்த்து யோசித்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் நல்லவளாக இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

பதவியேற்றவுடனேயே வந்த சோதனை சொத்துவரி. மார்ச் 2 அன்று உறுதிமொழி எடுத்தோம். அந்த மாதம் முடிவதற்குள் சொத்துவரிச் சீராய்வு அரசாணை வந்துவிட்டது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கும் மேல் 100 சதவீத உயர்வு. 15ஆவது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமானால் உள்ளாட்சிகள் சொத்துவரியை உயர்த்த வேண்டும் என்பது நிபந்தனை என்றார்கள். வாக்காளர் விரலில் வைத்த மை அழிவதற்குள், அவர்கள் வீட்டு வரியை உயர்த்தும் தீர்மானத்தில் நாங்கள் கை வைக்க வேண்டியிருந்தது. சில உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டார்கள். நான் போனேன். உயர்வு தவிர்க்க முடியாதது என்றால், பீடி சுற்றியும் கூலிக்குப் போயும் கட்டிய சின்ன வீடுகளின் அளவை நேரில் பார்த்துச் சரி செய்த பிறகே வரி கேட்கும் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அதைப் பதியச் சொன்னேன். பிறகு வீடு வீடாக ரசீதுகளை வாங்கிப் பார்த்தால், கூரை வீட்டுக்கு மாடி வீட்டு அளவு, இறந்துபோன மாமனார் பெயரில் வரி, பாகம் பிரித்த வீட்டுக்கு இரண்டு வரி என்று ஏகப்பட்ட குழப்பம். டேப் எடுத்து அளந்து, மனு எழுதிக் கொடுத்துத் திருத்தினோம். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் சொத்துவரியைக் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பது பிறகு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதை ஒவ்வொரு குழுவிலும் போய்ச் சொல்கிறேன். சின்ன விஷயம்தான். யாராவது போய்ச் சொன்னால்தான் மக்களுக்குத் தெரியும்.

இடஒதுக்கீடு பற்றி ஒரு வார்த்தை. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. நகர்ப்புறத்தில் 2022 தேர்தலில்தான் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. நாற்காலி கிடைத்துவிட்டது. அதில் யார் உட்காருகிறார்கள் என்பதே இப்போது கேள்வி. உறுப்பினரின் கைபேசியைக் கணவர் எடுத்துப் பேசுவதையும், அலுவலகத்தில் செயல் அலுவலர் அறையில் கணவரே நாற்காலி போட்டு உட்காருவதையும், மனைவி கையெழுத்துப் போட மட்டும் வந்து போவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். பலரைக் கேட்காமலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தெருவிளக்கு எரியவில்லை என்று அவரிடம் வந்து சொன்னவர்களிடம், ‘மெம்பர் உள்ளே பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் சொல்லுங்கள்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சில மாதத்தில் எல்லோரும் நேராக என்னிடமே வரப் பழகிவிட்டார்கள். நிற்கும் பெண்கள் இந்தப் பேச்சை மனு தாக்கல் செய்வதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். பிறகு பேசினால் நடக்காது.

அடுத்து எல்லோரும் கேட்பது பணம். ‘நம்மிடம் அவ்வளவு பணம் ஏது அக்கா?’ என்கிறார்கள். 2022இல் பேரூராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 1,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. தேர்தல் செலவுக்கு ஆணையம் வைத்த உச்சவரம்பு 17,000 ரூபாய். நான் அதைத் தொடவில்லை. நோட்டீஸ் அடித்தது, ஒரு நாள் மட்டும் மைக் வைத்த ஆட்டோ, பூத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சாப்பாடு. பிப்ரவரி 7 அன்று மனு வாபஸ் முடிந்து சின்னம் கிடைத்தது. 17 அன்று மாலை பிரசாரம் ஓய்ந்தது. பேரூராட்சி வார்டுக்கு அந்த நாட்கள் போதும். என் வார்டில் ஆயிரம் வாக்காளர்கூட இல்லை. பெண்கள் பீடிக் கட்டைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் தெருவில் நின்றால் பாதி வார்டைப் பார்த்துவிடலாம். மீதிப் பாதி வீட்டு நடையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கும். அவர்களோடு உட்கார்ந்து நானும் நாலு பீடி சுற்றிக்கொடுத்துக்கொண்டே பேசினேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். ஊக்குநர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மனு தாக்கல் செய்தேன். குழுக் கூட்டத்தில் ஓட்டுக் கேட்கவில்லை. குழுவில் எல்லாக் கட்சி வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். அதற்குள் தேர்தலைக் கொண்டுபோனால் சேமிப்பும் கெடும், உறவும் கெடும்.

எதிரில் நின்றவர்கள் பணம் கொடுக்கவில்லையா? கடைசி இரண்டு இரவு கொடுத்தார்கள். வாங்கியவர்களும் இருந்தார்கள். ஏழைப் பெண்கள் வாங்கினார்கள் என்று நான் யாரையும் திட்டத் தயாராக இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொன்னேன்: இன்று ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்தை அவர் நாளை உங்கள் தெருவில் போடும் பேவர் பிளாக் கல்லுக்கு அடியில்தான் தேடி எடுப்பார், மணல் குறையும், ஜல்லி குறையும், வாறுகால் என்கிற சாக்கடையின் தளம் ஒரே மழையில் பெயரும். அப்படிப் பெயர்ந்த வாறுகால் எங்கள் வார்டிலேயே இருந்ததால் நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2022இல் தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாம் சேர்த்து 12,838 வார்டு. அதில் 218 பேர் போட்டியின்றித் தேர்வானார்கள். 196 பேர் பேரூராட்சிகளில். எல்லோரும் மனமொத்துத் தேர்ந்தெடுத்த இடங்களும் அதில் இருக்கலாம். ஆனால் எதிர்த்து மனு போட ஆளே இல்லாத வார்டில், ஐந்து வருடம் கழித்துக் கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது என்பது என் பயம்.

தேர்தலே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதையும் நாம் அனுபவித்துவிட்டோம். 1986இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1996இல்தான். நடுவில் 1993இல் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படியும் 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தல், பழங்குடியினர் இடஒதுக்கீட்டு அறிவிப்பு முறையாக இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2022 வரை பேரூராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருந்தன. அந்த வருடங்களில் குழுப் பெண்கள் சேர்ந்து சாக்கடைக்கும் விளக்குக்கும் மனு கொடுக்கப் போவோம். அலுவலர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கு இன்னும் இரண்டு ஊர்ப் பொறுப்பு இருக்கும். இன்று வரமாட்டார், நாளை மாறுதல் ஆகிவிடுவார். தெருவில் நிறுத்திக் கேட்க ஆள் இல்லை. ஊரகத்தில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, அங்கே மறுபடி தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். பேரூராட்சிகளுக்கும் அந்த நிலை வரக் கூடாது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு என்று எந்த வேலை பாக்கி இருந்தாலும் அதை இப்போதே முடித்து, குறித்த காலத்தில் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசையும் மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளாட்சி விழா மேடைகளில் உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அந்த ஊரும் இன்று ஒரு பேரூராட்சிதான். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பொறுப்புக்கு வரக் கூடாது என்று அந்தப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்வதை நான் மனதார மெச்சுகிறேன். ஆனால் அந்தச் சபை நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. என் போன்றவளின் பெயரை அந்தக் குடத்தில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். எனக்கு வழி திறந்தது அரசியல் சட்டம்.

அந்த வழியும் எல்லோருக்கும் சும்மா திறக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியில் 1996இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காகவே அது நடந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 2006 வரை தலித் தலைவரைப் பதவியில் இருக்கவே விடவில்லை. எங்கள் மன்றத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற உறுப்பினர் தனித்தொகுதியில் வென்ற ஆதிதிராவிடப் பெண். அவர் பேசும்போது பின்னாலிருந்து குறுக்கே பேசுகிறவர்கள், மற்றவர்கள் பேசும்போது அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் ‘உறுப்பினர் பேசி முடிக்கட்டும்’ என்று நான் எழுந்து சொல்வேன். அதையும் மினிட்டில் எழுதச் சொல்வேன். மனு தாக்கல் செய்ய யோசிக்கும் தலித் பெண்களுக்கு நான் தரக்கூடிய உறுதி இது ஒன்றுதான்: பக்கத்தில் எழுந்து நிற்க ஆள் இருப்போம்.

சம்பளம் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். 2023 ஜூலை முதல் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம். கூட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் போகும் நாளில் பீடி குறையும். அந்தக் கூலி நட்டத்தை இது ஓரளவு ஈடுகட்டும். அதற்குமேல் எதிர்பார்த்து வருகிறவர்கள் வர வேண்டாம்.

நிற்க நினைப்பவர்கள் இப்போதிருந்தே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பேரூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர், வயது, கதவு எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்; கல்யாணமாகி வந்த பெண்களுக்குப் பிறந்த ஊரிலேயே பெயர் நின்றுவிடுவது சகஜம். சொத்துவரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் கட்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பேரூராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்து நடத்துகிறவர் நிற்க முடியாது. சொத்து, கடன், வழக்கு விவரங்களுக்கு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். நகை அடமானம் முதல் குழுக் கடன் வரை எழுதுங்கள், மறைக்க வேண்டாம். நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். தேர்தல் முடிந்ததும், தோற்றாலும் ஜெயித்தாலும், செலவுக் கணக்கைக் காலத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் விட்டால் பிறகு நிற்கத் தகுதி போய்விடும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மாநகராட்சிக் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கினால் உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வருகிறது. பேரூராட்சி மன்றங்களில் எந்தப் பணிக்கு எவ்வளவு தொகை அனுமதித்தார்கள், எந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது என்பதை மாவட்டப் பக்கத்தில் மாதம் ஒரு முறை வெளியிட்டால், ஊர்க்காரர்களும் கேள்வி கேட்பார்கள். வேட்புமனு எப்படி நிரப்புவது என்பதையும் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ஒரு நாள் போடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஒரு வாரம்தான் கிடைக்கும். அதற்குள் கட்சிக்காரர்கள்தான் தயாராக இருப்பார்கள்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். இது எனக்கான பிரசாரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மறுபடி நிற்பாயா என்று கேட்கிறார்கள். வார்டு சுழற்சியில் எப்படி மாறும் என்று தெரியவில்லை. பொதுவாகவோ பெண்கள் வார்டாகவோ இருந்தால்கூட, எங்கள் பழைய குழுவில் இப்போது கணக்கு எழுதும் பெண்ணை நிற்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு என்னைவிடக் கணக்கு வேகம். கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம், அதுவும் இந்த வேலைக்குத் தேவைப்படும். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று இருக்கிறாள். அவள் சரி என்றால் முன்மொழிந்து கையெழுத்துப் போடுவது நான்தான். டிரங்குப் பெட்டியையும் அவளிடமே கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு பேரூராட்சி வார்டு உறுப்பினர்,
தென்காசி மாவட்டம்.